ஆற்றுத் தேவன் சாய்ந்த பக்கம்

மார்ச் 4

வாலு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு இன்று "சௌக்கியமா" என்று கேட்டால் நீயே சிரிப்பாய். போன் செய்திருக்கலாம். செய்தால் இரண்டாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருத்தி பட்டென்று வைத்துவிடுவாள். எழுத்தில் அந்த வசதி கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தின் கூரை வேலை ஒருவழியாக முடிந்தது. இத்தனை காலம் வங்கிப் பெட்டகத்தில் கிடந்த காசுகள் போன மாதம் திரும்பி வந்தன. புதிதாக வந்திருக்கும் சரிபார்ப்பு அதிகாரி ஒவ்வொரு தட்டையும் திறந்து, ஒவ்வொரு காசையும் என் புத்தகத்தில் இருக்கும் படத்தோடு ஒத்துப் பார்க்கிறார். ரோமானியர் ஆண்ட கிழக்கு மாகாணங்களின் செப்புக் காசுகள். ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் தலை, மறுபக்கம் அந்தந்த ஊரின் தெய்வமோ கோயிலோ, ஓரத்தில் கிரேக்க எழுத்து. உனக்குத் தெரியாததில்லை. புத்தகத்துக்குப் படம் எடுக்க அவ்வளவுக்கும் பிளாஸ்டர் வார்ப்பு செய்து கொடுத்தவள் நீ.

117-ஆம் காசு ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் ஆற்றுத் தேவன் வலப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கிறான். தட்டில் இருக்கும் காசில் இடப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கிறான். இடப்பக்கம் பார்ப்பவன் எங்கும் கிடைப்பான். வலப்பக்கம் பார்ப்பவன் அபூர்வம். அதிகாரி சொல்வது இதுதான்: அபூர்வமானதை யாரோ எடுத்துக்கொண்டு, சாதாரணமானதை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

காசுகள் என் அறையிலிருந்து, நீ பல் செட் செய்யும் கூடத்துக்கு வந்தன. ஒரு வாரம் அங்கே இருந்தன. அங்கிருந்து நேராக வங்கிக்குப் போயின. வேறு எங்கும் போகவில்லை. அந்த வாரம் உன் கூடத்துக்கு யார் யார் வந்து போனார்கள் என்று நினைவிருந்தால் எழுது. கேட்க வேண்டியது என் கடமை. அதனால் கேட்கிறேன்.

அண்ணி


மார்ச் 10

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஒருவருடைய மேல்வரிசைப் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் இரண்டாம் முறை படித்தேன். கையில் வைத்துக்கொண்டு படித்திருந்தால் பாவம், அந்த மனிதர் இன்னும் ஒரு வாரம் கஞ்சிதான் குடித்திருப்பார்.

யார் யார் வந்து போனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாக நினைவிருக்கிறது. பல் இல்லாதவர்கள் வந்தார்கள். பல்லோடு போனார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய காசு எதையும் யாரும் மென்று தின்னவில்லை.

எவ்வளவு நாசூக்காகக் கேட்கிறீர்கள்! "நீ எடுத்தாயா" என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சரி, நேராகவே பதில் சொல்கிறேன். நான் எடுக்கவில்லை. என் கூடத்தில் யாரும் எடுக்கவில்லை. காசுகளை எண்ணிக் கொடுத்தது நீங்கள், எண்ணி வாங்கிப் போனதும் நீங்கள். வார்ப்புகளைப் பஞ்சு வைத்து அடுக்கியதுகூட நீங்கள்தான். "எனக்குத் தெரியும், நீ கையை எடு" என்று என்னை ஓரமாக நிற்க வைத்தீர்கள்.

கேட்டதுதான் கேட்டீர்கள், நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். மூன்று வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. உங்கள் புத்தகம் வந்த அன்று கூடத்தைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து பிரித்தேன். நன்றிப் பக்கம். இயக்குநருக்கு நன்றி. வங்கி மேலாளருக்கு நன்றி. தட்டச்சு செய்தவருக்கு நன்றி. படம் எடுத்த என் அண்ணனுக்கு நன்றி. வேளாவேளைக்குத் தேநீர் வாங்கி வந்த காவலருக்கும் நன்றி, அவர் நன்றாக இருக்கட்டும். அப்புறம் பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிக்கூடப் பார்த்தேன். வெற்றுத்தாள்.

அன்று மூடிய புத்தகம். இன்றுவரை அதைத் தொடவில்லை. பல் மாதிரிகளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு இருக்கிறது.

காசு படிக்கச் சொல்லித் தந்தவர் நீங்கள். முன்பக்கம் சக்கரவர்த்தி பெயர், பின்பக்கம் ஊர்க்காரர்கள் பெயர், சிலதில் அந்தக் காலத்து ஊர்த்தலைவர் பெயர் என்று வரிசையாகக் காட்டினீர்கள். "காசு அடிக்கிற அச்ச வெட்டினவன் பேரு எங்க அண்ணி?" என்று கேட்டேன். "அதெல்லாம் போடுற வழக்கம் இல்ல" என்றீர்கள். அந்த வழக்கத்தை விடாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

அண்ணனுக்கு என் அன்பு. அவர் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர்.

இப்படிக்கு,
தேநீர்கூட வாங்கித் தராதவள்


மார்ச் 15

வாலு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே வந்தும் படித்தேன். உன் அண்ணன் "என்ன எழுதியிருக்கா?" என்றார். "திட்டியிருக்கா" என்றேன். "அப்ப நல்லா இருக்கான்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு இட்டிலிப் பாத்திரத்தை இறக்கப் போய்விட்டார்.

நன்றிப் பக்கத்தைப் பற்றி என்னிடம் ஒரு பதில் இருந்தது. வீட்டு மனுஷிக்கு ஊரார் முன்னால் நன்றி சொன்னால் அது அவளை வெளியாளாக்குவதாகும் என்று நினைத்தேன். மூன்று வருடமாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உனக்கு எழுதும்போதுதான் உறைக்கிறது. உன் அண்ணன் மட்டும் எந்த வீட்டு மனுஷன்? அவர் பெயரைப் போட்டேனே. உன் பெயர் விட்டுப்போயிற்று, வாலு. அவ்வளவுதான். அதற்கு ஒரு அழகான காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன்.

இங்கே நிலைமை மோசம். என் அறைச் சாவியை வாங்கிவிட்டார்கள். அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் வந்து அதில் உட்கார்கிறேன். மாலையில் எழுந்து போகிறேன். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் பேசினார்கள். இப்போது தாகமே எடுக்காதவர்கள் போல அடுத்த மாடிக்குப் போகிறார்கள். இருபத்தாறு வருடம் வேலை பார்த்த இடம். அவமானமாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

மாதக் கடைசிவரை தவணை. அதற்குள் 117 எங்கே என்று தெரியாவிட்டால் போலீசில் புகார் கொடுப்பார்கள். அதில் காசைக் கையாண்டவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கும். நன்றிப் பக்கத்தில் விட்டுப்போன உன் பெயர் அதில் விட்டுப்போகாது. இதை நினைத்துத்தான் இரவெல்லாம் புரள்கிறேன்.

நான் உன்னைச் சந்தேகப்பட்டேனா? முதல் நாள், ஆமாம். உன்னை அல்ல, உன் கூடத்துக்கு வந்துபோனவர்களை. அதுவும் தப்பு. மன்னித்துக்கொள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, ஒன்பதாம் படப்பக்கத்தைப் பார். காசுகள் உன் கையில் இருந்த வாரத்தில் இவனைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? தாடிக்காரன், இடுப்புக்குக் கீழே துணி, கையில் நாணல், முழங்கை ஒரு கவிழ்ந்த குடத்தின் மேல். குடத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஊரைத் தாண்டி ஓடும் ஆற்றை அந்த மக்கள் அப்படி ஒரு ஆளாக்கிப் படுக்க வைப்பார்கள். கீழே மூன்று எழுத்துதான் தேயாமல் இருக்கிறது. தூண், சாய்கோடு, தூண் சேர்ந்த ஓர் எழுத்து. நடுவில் லாடம் போல ஒன்று. மறுபடி தூண், சாய்கோடு, தூண். "னோன்" என்று படிக்க வேண்டும். ஊர்ப்பெயரின் வால்தான் அது. "இந்த ஊர்க்காரர்களுடையது" என்று பொருள். ஊர் எது என்பது தேய்ந்துவிட்டது.

அந்த எழுத்துகளில் சாய்கோடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அச்சு வெட்டியவருக்கு எழுத்து சரியாகத் தெரியாது என்று புத்தகத்தில் எழுதினேன். அதற்கு ஒரு மாநாட்டில் கைகூடத் தட்டினார்கள்.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

"மரியாதைக்குரிய" என்பதை எடுத்துவிட்டேன், கவனித்தீர்களா? தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நாற்காலி என்று படித்ததும் கோபம் உங்கள் மேலிருந்து அந்த அதிகாரி மேல் தாவிவிட்டது. கோபத்துக்கு ஏதாவது ஒரு இடம் வேண்டுமே.

புத்தகத்தை எடுத்தேன். ஒன்பதாம் படப்பக்கம். பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக் கடையைத் தாண்டும்போது யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால் அது நாமாகவே இருப்போம் இல்லையா, அப்படி.

நான் பார்த்த ஆள் இவன்தான். ஆனால் நான் பார்த்தது இந்தப் பக்கம் திரும்பியவனை அல்ல. கையில் எடுத்த காசு ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகமில்லை, பொய் சொல்ல மாட்டேன். இவன் ஞாபகமிருக்கிறான். தலையை ஒரு கையில் தாங்கி மத்தியானத் தூக்கம் போடுகிற என் மாமனார் மாதிரியே இருக்கிறான் என்று அன்று சிரித்தேன். என் மாமனார் சோபாவின் வலது கைப்பிடியில் சாய்ந்து, சன்னல் இருக்கும் இடப்பக்கம் பார்த்துப் படுப்பார். காசிலும் அப்படித்தான் இருந்தான்.

ஆகவே தட்டில் இருப்பதுதான் உண்மையான காசு. தப்பு படத்தில். எனக்குத் தோன்றுவது: அண்ணன் பிரிண்ட் போடும்போது நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார். ஆள் திரும்பிவிட்டான், எழுத்தும் திரும்பிவிட்டது. அச்சு வெட்டினவர் ஒழுங்காகத்தான் வெட்டியிருக்கிறார். அண்ணனைப் பிடித்துக் கேளுங்கள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள்.

சாப்பிடுகிறீர்களா? குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வாலு


மார்ச் 23

வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். உன் அண்ணன் ஒரு பாஸ்போர்ட் படத்துக்கு ஆளை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். "நெகட்டிவ மாத்திப் போட்டீங்களா?" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "நான் என்ன நேத்து கேமரா வாங்கினவனா?" என்று கத்தினார். உட்கார்ந்திருந்தவர் பயந்துபோய் மறுபடி தலை வாரிக்கொண்டார்.

அவர் சொல்வதும் சரி. காசின் இரண்டு பக்க வார்ப்புகளையும் அருகருகே வைத்து ஒரே நெகட்டிவில் எடுத்திருக்கிறார். அதைத் திருப்பிப் போட்டிருந்தால் சக்கரவர்த்தியும் திரும்பியிருக்க வேண்டும். சக்கரவர்த்தி, தேய்ந்து வழுக்கையாகிப்போன அந்த முகம், காசிலும் வலப்பக்கம் பார்க்கிறது, படத்திலும் வலப்பக்கம் பார்க்கிறது. தேவன் மட்டும்தான் திரும்பியிருக்கிறான். ஆகவே அது இல்லை.

நொந்துபோய் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி சாப்பாட்டில் எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. உன் அண்ணன்தான் இறங்கி வந்து பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் படம் எடுத்த அன்னிக்கே எனக்கு எரிச்சல்தான். மத்த பிளாஸ்டர் வில்லை எல்லாம் வெள்ளை. அந்த ஒண்ணு மட்டும் லேசா மஞ்சளா இருந்துச்சு. கருப்பு வெள்ளைப் படம்தானே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டேன். ஆனா லைட்டு போட்டா ஆளு உள்ள போயிட்டான்."

"உள்ள போயிட்டான்னா?"

"பள்ளமாத் தெரிஞ்சான். எப்பவும் வைக்கிற மாதிரி மேல இடப்பக்கம்தான் லைட்டு. பள்ளமாவே தெரியுது. அப்புறம் லைட்டைக் கீழ வலப்பக்கம் கொண்டுவந்தேன். டக்குனு எழுந்து வந்துட்டான். பிரமாதமா வந்துச்சு அந்தப் படம்."

நான் பாதி உருட்டிய கவளத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன்? நல்லாத்தானே வந்துச்சு?" என்றார்.

புரிகிறதா, வாலு? அது வார்ப்பே இல்லை. உன் அச்சு! பிளாஸ்டர் ஊற்றுவதற்காக, ரப்பராக இறுகும் மஞ்சள் மாவில் காசை அமுக்கி நீ எடுத்த அச்சு. காசில் மேடாக இருப்பது அதில் பள்ளம். காசில் இடம் என்பது அதில் வலம். இந்த மனிதர் பள்ளத்தைப் பார்த்தார், ஏன் பள்ளம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மேடாகத் தெரியும்வரை விளக்கை நகர்த்தினார்! காசுகள் அப்போது வங்கியில். நான் படத்தை வைத்து விவரம் எழுதினேன். இடவலம் மாறிய எழுத்தைப் பார்த்து, இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன ஒருவருக்கு எழுத்து தெரியாது என்றேன்.

வார்ப்புகளை அடுக்கியவள் நான். "கையை எடு" என்று சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் வார்ப்புக்குப் பதில் பக்கத்திலிருந்த அச்சை எடுத்துப் பஞ்சில் வைத்திருக்கிறேன்.

நிரூபிக்க அந்த அச்சு வேண்டும். "அது எங்க?" என்றேன். அவருக்கு நினைவில்லை. இருவரும் டார்ச் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவைத் திறந்து தேடினோம். மேசை அடி, அலமாரி, பழைய திரைச்சீலை மூட்டை. கிடைக்கவில்லை. கடைசியில் நான் களைத்துப்போய் விளக்குத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஆடவில்லை. அதன் ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும். குனிந்து பார்த்தேன். குட்டைக் காலுக்கு அடியில் உன் அச்சு.

நல்லவேளையாக ஆள் மேல்பக்கம் பார்த்துப் படுத்திருந்தான், கால் ஓரத்தில்தான் அழுத்தியிருக்கிறது. துடைத்துப் பார்த்தேன். தாடி, நாணல், குடம், எல்லாம் பத்திரம்.

நாளை திங்கட்கிழமை. அதிகாரியிடம் கொண்டுபோகிறேன். இந்தக் கடிதத்தை அதுவரை தபாலில் போடப் போவதில்லை.

மார்ச் 25. தொடர்ச்சி.

நேற்று எழுத முடியவில்லை.  

அதிகாரி அச்சை வாங்கிப் பார்த்தார். "ரப்பர் துண்டக் கொண்டுவந்து கதை சொல்றீங்களா?" என்றார். உன் அண்ணன் கூடவே வந்திருந்தார். மேசை விளக்கை இடப்பக்கம் மேலே வைத்தார். பள்ளம். மெதுவாக வலப்பக்கம் கீழே இறக்கினார். அதிகாரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் "ஏ!" என்றார். இயக்குநர் எட்டிப் பார்த்தார். ஆற்றுத் தேவன் எழுந்து வந்துவிட்டான், வலப்பக்கம் பார்த்தபடி, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. முழங்கைக்குக் கீழே இருக்கும் கீறல், குடத்து வாயில் இருக்கும் குழி, எல்லாம் படத்தோடு ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன.

"சரி, படம் இதுலேர்ந்து எடுத்ததுதான்" என்றார். "ஆனா இந்த அச்சு இந்தக் காசுலேர்ந்துதான் எடுத்ததுன்னு என்ன நிச்சயம்? இதே மாதிரி வேற காசா இருந்தா?"

நியாயமான கேள்வி. அதுவரை எனக்குத் தோன்றாத பதில் அப்போதுதான் தோன்றியது. கையுறை போட்டுக்கொண்டேன். தட்டிலிருந்த காசை எடுத்து, பின்பக்கம் கீழே இருக்கும்படி உன் அச்சின் மேல் வைத்தேன். ஓரம் தட்டியது. கொஞ்சம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம். சுத்தியடியில் பிதுங்கிய அந்தக் காசு சரியான வட்டம்கூட இல்லை, உனக்குத் தெரியும். ஒரு இடத்தில் வந்ததும் அதுவாகவே உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அச்சைத் தலைகீழாகப் பிடித்தேன். காசு விழவில்லை.

 அதிகாரி தன் மேசை இழுப்பறையைத் திறந்து, என் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "மன்னிக்கணும் மேடம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, வாலு. ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. மூன்று வருடத்துக்கு முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை.

வெளியே வந்து கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு நாள் கழித்து மூச்சு முழுசாக உள்ளே போயிற்று! முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது குழாயடியில் நான்கு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தாகம்.

வலப்பக்கம் பார்த்த ஆற்றுத் தேவன் உலகத்தில் இல்லை. என் ஒரே கண்டுபிடிப்பு. ஒரு சொட்டு வருத்தம் இருக்கிறது. உன்னிடம் மறைப்பானேன். ஆனால் நேற்று ராத்திரி தூங்கினேன், வாலு. அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

அண்ணி


மார்ச் 29

அண்ணி!

கூடத்தில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பல் அளவு கொடுக்க வந்த ஒருவர், வாயில் ஒரு பல்கூட இல்லை, அவரும் "எனக்கும்" என்று கை நீட்டினார். கொடுத்தேன்.

உங்கள் கடிதத்தைப் பிரிக்கும்போது கனமாக இருந்ததா, கெட்ட செய்திதான் என்று நினைத்து முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தேன். "காசு விழவில்லை" என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் அச்சு பிடித்தால் விடாது. பல் செட்டும் அப்படித்தான். இனி வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

இன்னொன்று. அச்சுகளை எல்லாம் வைத்திருக்கும் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். 117-க்கான குழியில் வெள்ளை வெளேரென்று வார்ப்பு உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கம் பார்த்துக்கொண்டு, என் மாமனார் மாதிரி நிம்மதியாக. இத்தனை நாளும் என் தலைக்கு மேல் பரணில்தான் இருந்திருக்கிறான்.

பெரிய மூட்டை ஒன்றை இறக்கி வைக்கிறேன், கேளுங்கள். புத்தகம் வந்த அன்றே நான் படப்பக்கங்களைப் புரட்டியிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன், ஆள் திரும்பியிருக்கிறான் என்று. நாள் முழுக்க இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் பார்க்கிற கண் இது. உங்கள் நன்றிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். உங்களுக்கு என் பெயர் விட்டுப்போயிற்று, எனக்கு உங்கள் புத்தகம் விட்டுப்போயிற்று. கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது. நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள்கிறேன்.

அந்த அச்சு வெட்டினவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. காசு சரியாக வர வேண்டுமென்று ஒவ்வொரு எழுத்தையும் இரும்பில் இடவலம் மாற்றி வெட்டினாரே. அவரும் என் ஜாதி, எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தே காலம் தள்ளியவர். அவருக்குப் போய் எழுத்து தெரியாது என்று எழுதினீர்களே. அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். எழுத்தில்.

அண்ணன் விளக்கை நகர்த்திய கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாலு


ஏப்ரல் 3

வாலு,

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். புத்தகத்தோடு சேர்க்க ஒரு திருத்தத் தாள் அச்சடிக்கிறோம். இயக்குநர் "ரெண்டு வரி போதும்" என்றார். இரண்டு வரி போதாது என்றேன். "அதுல உங்க தப்பு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே" என்றார். "தெரியட்டும், திருட்டுக்கு அது எவ்வளவோ மேல்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். வாசகம் இது:

"ஒன்பதாம் படப்பக்கம், எண் 117. இப்படம் வார்ப்பிலிருந்து அல்லாமல் அச்சிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே உருவம் இடவலம் மாறியுள்ளது. தவறு நூலாசிரியருடையது. ஆற்றுத் தேவன் மற்ற ஊர்களில் உள்ளது போலவே இடப்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கிறான். இது அரிய வகை அன்று. எழுத்துகள் பிழையின்றி வெட்டப்பட்டுள்ளன. அச்சு வெட்டியவருக்கு எழுத்தறிவு இல்லை என்று எழுதியதை நூலாசிரியர் திரும்பப் பெறுகிறார். அவர் பெயர் தெரியாததால் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க இயலவில்லை.

இந்நூலில் உள்ள எல்லாக் காசுகளுக்கும் அச்சும் வார்ப்பும் செய்தவர்"

இங்கே நிறுத்தியிருக்கிறேன். அடுத்து உன் பெயர் வர வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் உன்னை வாலு என்று தவிர வேறு எப்படியும் எழுதியதில்லை. உன் பெயருக்கு முன்னால் இப்போது யாருடைய எழுத்தைப் போடுகிறாய், மாமாவுடையதா, உன் வீட்டுக்காரருடையதா? அதுகூட எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இது பிழைத்திருத்தத் தாள். முதன்முதலில் உன் பெயர் வருவது இதிலா என்று உனக்குச் சங்கடமாக இருக்குமோ என்றும் யோசித்தேன். வேண்டாம் என்றால் சொல். மறுபதிப்பின் நன்றிப் பக்கத்தில் முதல் வரியில் போடுகிறேன். அச்சகத்தார் காத்திருக்கிறார்கள்.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. நாற்காலியைக் குழாயடியிலேயே விட்டுவைத்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்க வருகிறவர்களுக்கு உதவும்.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

சங்கடமா? எனக்கா? எந்தத் தாளாக இருந்தால் என்ன. அதிலும் போடுங்கள், மறுபதிப்பின் முதல் வரியிலும் போடுங்கள். அந்த அச்சு வெட்டினவருக்குக் கிடைக்காததையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்.

முழுப் பெயர். முன்னால் அப்பாவின் எழுத்து. தனித் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அச்சகத்தாரிடம் அதை நேராகப் பிடித்துக்காட்டுங்கள். அண்ணனை அனுப்ப வேண்டாம். அவர் விளக்கை எந்தப் பக்கம் பிடிப்பார் என்று சொல்ல முடியாது.

தாள் அச்சானதும் தபாலில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், மூன்று வருடத்துக் கோபத்தில் மிச்சம் இருப்பதையும் எடுத்துக்கொண்டு. தேநீர் நான் போடுகிறேன்.

வாலு என்பதைத் தாளில் போட்டுவிடாதீர்கள். அது நம் வீட்டுக்கு மட்டும்.

வாலு